பார்வதி மலைப் படியில் சம்பந்திகள்

பூனாவின் பார்வதி மலையில், பாதிப் படி ஏறிய இடத்தில் பட்டாபிராமன் நின்றுகொண்டிருக்கிறார். கும்பகோணத்திலிருந்து சம்பந்தி வீட்டுக்கு ஊர் பார்க்க வந்து இது நாலாவது நாள். மாலை வெயில் கீழே ஓட்டுக் கூரைகளின்மேல் மஞ்சளாகப் படிந்திருக்கிறது. கெண்டைக்கால் நடுங்குவதைப் பஞ்சகச்சம் மறைக்கிறது. இரண்டு படி கீழே மருமகளின் தகப்பனார் சேஷகிரி, மடித்த குடையை ஊன்றியபடி நிற்கிறார். பிள்ளை வீட்டார் உட்காராமல் பெண் வீட்டார் உட்கார்வது மரியாதையில்லை. பிள்ளையைப் பெற்றவர் பாதி மலையில் மூச்சிளைத்து உட்கார்ந்துவிட்டார் என்ற பேச்சும் நாளைக்குச் சம்பந்தி வீட்டில் எழக்கூடாது. "அந்தக் காலத்துல பேஷ்வாக்கள் இந்தப் படியெல்லாம் யானைமேலயே ஏறிடுவாளாமே?" என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறார் பட்டாபிராமன். "ஆமாம்" என்கிறார் சேஷகிரி. அந்த ஒரு சொல்லுக்கே அவருக்கு மூச்சு போதவில்லை. பட்டாபிராமனின் மனைவி தர்மாம்பாள், அடிவாரத்தில் வாங்கிய கொய்யாப்பழத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "நீங்க உக்காந்தாத்தானே அவர் உக்காருவார்? பாவம், மூஞ்சி வெளுத்துப்போச்சு" என்கிறாள். பட்டாபிராமன் திரும்பிப் பார்க்கிறார். அங்கவஸ்திரத்தால் கல்லைத் தட்டுகிறார். "உமக்காகத்தான்" என்று சொல்லிவிட்டு, முதுகு வளையாமல் உட்காருகிறார். சேஷகிரி ஒரு படி கீழே தொப்பென்று உட்காருகிறார். தர்மாம்பாள் பழத்தைப் பிட்டு இருவருக்கும் கொடுக்கிறாள். வெயில் கூரைகளை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. மேலே கோயில் மணி அடிக்கிறது. "போகலாமா, சம்பந்தி?" என்று குடையைக் கையில் எடுக்கிறார் சேஷகிரி. பட்டாபிராமன் கால்களை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறார். "இருக்கட்டும். உமக்கு நன்னா ஆறட்டும்."