பவளத்தின் பாஸ்போர்ட் படம்

அக்கரைக் குளத்தில் தங்கைக்குக் கல்யாணம். எல்லை தாண்டப் பாஸ்போர்ட் வேண்டுமே என்று பவளம் என்கிற தேரை, பச்சோந்தியின் போட்டோ ஸ்டூடியோவுக்கு ஓடினாள்.

பச்சோந்தி பின்னணியை வெள்ளையாக்கியது. முகத்தில் விழுந்திருந்த நிழலை எடுத்தது. "இவ்வளவுதான்க்கா செய்யலாம்."

"அப்போ இந்தப் பருவெல்லாம்? கல்யாணத்துக்குப் போறேன் தம்பி, மூஞ்சியை வழவழன்னு ஆக்கு!"

"அதுல கை வெச்சா வம்புக்கா."

பவளம் விடுவதாக இல்லை. கடைசியில் வந்த படத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

எல்லையில் காவலுக்கு நின்ற ஆமை, பாஸ்போர்ட்டை வாங்கி நிதானமாகப் பார்த்தது. அக்கரையில் கெட்டிமேளம் கேட்டது.

"ரொம்ப லட்சணமா இருக்காங்க," என்றது ஆமை.

பவளம் வெட்கத்தில் நெளிந்தாள்.

"அவங்களை வரச் சொல்லுங்க. நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்கம்மா."