வரதன் பெயரில் ரத்தம்

கம்பெனி ரத்தப் பரிசோதனைக்கு, வரதனின் கேட் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனவன் ரகு.

அந்த இரும்பு ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் இது ஊரறிந்த ரகசியம். ரிப்போர்ட் சரியில்லை என்றால் காண்டிராக்டர் மறுநாளே ஆளை நிறுத்திவிடுவார். அதனால் உடம்பு சரியில்லாதவன் பெயரில், தெம்பான ஒருவன் கையை நீட்டுவான். தலையில் ஹெல்மெட், முகத்தில் மாஸ்க். ஊசி குத்துகிறவருக்கு எல்லாரும் ஒன்றுதான்.

வரதனுக்கு இரண்டு மாதமாகக் குரல் கம்மிக் கிடந்தது. உலைப் பக்கத்தில் நாளெல்லாம் கத்தியே வேலை வாங்குகிறவன்.

"கேன்சரா இருந்துச்சின்னா இன்னாடா பண்றது?" என்று ரகுவிடம் புலம்பினான்.

ரகு பக்கத்து கெமிக்கல் கம்பெனியில் வேலை செய்பவன். சின்ன வயதுக் கூட்டாளி. யோசிக்கவே இல்லை.

"நான் குடுத்துட்டு வரேன், வுடு."

ஆனைக்கும் அடி சறுக்கும். ரிப்போர்ட் வாங்கப் போன இடத்தில் வரதன் வாயைத் திறந்து தொலைத்தான். அந்தக் குரலைக் கேட்டதும் கம்பெனி டாக்டர் ஹெலன் நிமிர்ந்து பார்த்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டுவிட்டு, மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"வெள்ளை அணுக்களோட விகிதம் சரியில்ல. சி.ஆர்.பி.யும் அதிகம். உடம்புல எங்கயோ அழற்சி இருக்கு. இத மட்டும் வச்சு கேன்சர்னு சொல்ல முடியாது. ஆனா குரலையும் சேர்த்துப் பார்த்தா, தொண்டைக்குள்ள டியூப் விட்டுப் பார்த்துடறது நல்லது."

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். தொண்டை சுத்தம். கத்திக் கத்திக் குரல்நாண் வீங்கியிருக்கிறது, ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஹெலன், வேலைக்குத் தகுதியானவன் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். "ரத்தம் மட்டும் ஏன் அப்படி இருக்குன்னு புரியல. அப்புறம் ஒரு தடவ பார்க்கலாம்."

வரதனுக்குப் புரிந்தது. அந்த ரத்தம் ரகுவுடையது. புரிந்தும் அவன் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வேலை போய்விடும். சான்றிதழைப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட் வரைக்கும் நடந்தான்.

வெளியே டீக்கடையில் யாரோ பன்னை டீயில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தார். ரகுவும் இப்போதெல்லாம் அப்படித்தான். இட்லியைக்கூடச் சாம்பாரில் கரைத்துத்தான் குடிக்கிறான். கேட்டால் பல்வலி என்பான்.

வரதன் திரும்பி நடந்தான். சான்றிதழை ஹெலனின் மேசைமேல் வைத்தான்.

"மேடம், அது என் ரத்தம் இல்ல."

கம்பெனி அவனைப் பதினைந்து நாள் நிறுத்தி வைத்தது. ரகுவை வரதனே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். தொண்டையில் சின்னக் கட்டி. சதை எடுத்துப் பார்த்ததில் கேன்சர்தான். ஆனால் ஆரம்பக் கட்டம், நிச்சயம் குணமாக்கிவிடலாம் என்று டாக்டர்கள் தைரியம் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வரதன் உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியது.

"எனக்காக ஊசி குத்திக்கினே. அதான் ஒன்ன காப்பாத்திச்சி. தர்மம் தல காக்கும்னு சும்மாவா சொன்னாங்க."

ரகு சிரித்தான்.

"ஒனக்காக ஒண்ணும் இல்லடா. மூணு மாசமா எனக்கு முழுங்க முடியல. எம் பேர்ல பாக்க பயம். ரிப்போர்ட்டு வந்தாலும் கிழிச்சிப் போட்டுருப்பேன். ஒம் பேர்ல வந்தா, வேல போனாலும் பரவால்லன்னு நீ அப்பவே உண்மையச் சொல்லிடுவன்னு தெரியும்."

கேட் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பினேன் என்பதை, வரதன் அவனிடம் சொல்லவே இல்லை.