நட்டநடுவில் சுக்கான்

"சுக்கானை நட்டநடுவுல வைங்க. ஒரு நூல்கூட விலகக் கூடாது."

பல் டாக்டர் சொன்னதை எலக்ட்ரீஷியன் பத்து வருஷமாக வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் நடக்கும் ரிமோட் பொம்மைப் படகுப் போட்டியில் எல்லாத் திருப்பமும் வலப்பக்கம்தான். எலக்ட்ரீஷியனின் படகு ஒவ்வொரு திருப்பத்திலும் அகலப் போய்விடும். டாக்டருடையது மிதவையை உரசிக்கொண்டு வளையும். கோப்பை அவருக்கே.

"உங்க கை இன்னும் பழகல" என்று தோளில் தட்டுவார். தண்ணீரிலிருந்து எடுத்த மறுகணம் படகைத் துண்டில் சுற்றிவிடுவார். "குழந்தைக்குச் சளி பிடிச்சிடும்."

போன மாதம் டாக்டர் போய்ச் சேர்ந்தார். இரங்கல் கூட்டத்தில், "எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்த மனுஷன்" என்று எலக்ட்ரீஷியன் தேம்பி அழுதார். டாக்டரின் மனைவி மனம் இளகி, துண்டோடு படகை அவர் கையில் கொடுத்தார்.

"உங்களைவிட அவருக்கு நெருக்கமா யாரு இருக்காங்க?"

வீட்டுக்கு வந்து எலக்ட்ரீஷியன் துண்டைப் பிரித்தார். படகின் பின்னால் சுக்கான் தகடு நடுவிலிருந்து இரண்டு விரல்கடை வலப்பக்கம் தள்ளி இருந்தது. வலமாகத் திரும்பும் படகை அகலப் போகாமல் பிடித்துக்கொள்ளும் இடம். திருகாணிகளில் பத்து வருஷக் கறை. ஒருநாளும் கழற்றிய அடையாளம் இல்லை.

இந்த ஞாயிறு அந்தப் படகு எலக்ட்ரீஷியனுக்குக் கோப்பை வாங்கித் தந்தது. புதிதாகச் சேர்ந்த தையல்காரர் ஓடி வந்தார்.

"அண்ணே, சுக்கானை எங்க வைக்கணும்?"

எலக்ட்ரீஷியன் படகைத் துண்டில் சுற்றினார்.

"நட்டநடுவுல. ஒரு நூல்கூட விலகக் கூடாது."