ஆறு மணி பாட்டில்

"யாரைக் கேட்டு தொட்டியில கை வெச்சீங்க?"

கிரிகரி போட்ட சத்தத்தில் கிள்ளான் வீட்டின் கூடமே அதிர்ந்தது. நாலு வருடமாக அவன் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, காலை ஆறு மணிக்குப் பால் ஊற்றியது போல் வெளுத்துக் கிடந்தது. எதிரே, கையில் மருந்து பாட்டிலோடு மனைவி எவலினின் அக்கா சாந்தமேரி.

"பவளத்துக்கு ஊத்துற கால்சியம் மருந்தும் அல்கலினிட்டி மருந்தும் ஒண்ணா சேர்ந்தா தண்ணி திரிஞ்சிடும். அதுக்குத்தானே காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு ஊத்த மெஷின் வெச்சிருக்கேன்! உங்களுக்கு எதுக்குக்கா இந்த வேலை?"

அந்த மெஷின் அவன் கையாலேயே செய்தது. வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றி அவன் அடிக்காத தம்பட்டம் இல்லை. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் அக்கா மூவேளை ஜெபம் சொல்லிக்கொண்டே தொட்டியருகே நிற்பதைப் பார்த்து, "மீனுக்கு ஞானஸ்நானம் குடுக்கிறாங்க" என்று கேலியும் செய்வான்.

சாந்தமேரி பத்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு, சுங்கை பூலோவில் இருக்கும் இன்னொரு தங்கை கிறிஸ்டின் வீட்டுக்கு ரயிலேறிவிட்டாள். போக வேண்டாமென்று எவலின் எவ்வளவோ கெஞ்சினாள். கிரிகரி தடுக்கவில்லை.

மதியம் வளர்ப்பு மீன் கடை ஜெயராஜ் வந்தான். மெஷினைப் பார்த்தான். குப்பைத் தொட்டியில் கிடந்த அதன் பழைய குழாய்கள் இரண்டையும் எடுத்து ஊதினான். காற்றே போகவில்லை.

"பாஸ், ரெண்டும் சுண்ணாம்பு கட்டி அடைச்சிருக்கு. மூணு மாசமாச்சும் இருக்கும் லா. எப்ப மாத்துனீங்க?"

"நேத்து ராத்திரி."

"அதான். இன்னிக்குக் காலையில மெஷின் ஒரு தரம் ஊத்தியிருக்கு, அது தெரியாம அக்காவும் அதே மருந்தை ஊத்திட்டாங்க. அளவு ரெட்டிப்பானாலும் தண்ணி திரிஞ்சிடும்."

"ஆனா மூணு மாசமா தண்ணியில ரெண்டு மருந்தோட அளவும் இம்மி குறையலையே?"

"யாரோ நேரம் தவறாம கையால ஊத்தியிருக்காங்க, பாஸ்."

கிரிகரிக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. சாயங்காலத்துக்குள் தண்ணீர் தெளிந்துவிட்டது. பவளங்கள்கூட மெல்ல விரிந்தன. அவனால்தான் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. காலையில் கொட்டிய வார்த்தையை எப்படி அள்ளுவது?

மணி ஆறு. கிரிகரி பக்கத்தில் நிற்க, ஸ்பீக்கரில் போட்டிருந்த எவலினின் போனில் அக்காவின் குரல் ஒலித்தது.

"எவலின், சாயங்கால பாட்டில்லேருந்து ஒரு மூடி அளந்து தொட்டியில ஊத்திடு. மெஷின் ஊத்தலைன்னு தம்பிக்குத் தெரிய வேணாம். ஆசையா அவரே செஞ்சது, மனசு ஒடைஞ்சி போயிடும்."