படர்தாமரை மாத்திரை

"இன்னாக்கா யோசிக்கிற? படர்தாமரைக்குக் குடுப்பியே, அந்த மாத்திரைல ஒரு அட்டை குடு" என்றாள் ரூத்.

சதுரங்கப்பட்டினத்தில் அந்த மாத்திரையைக் கேட்டு அன்பரசியின் மருந்துக்கடைக்கு வராத ஆளில்லை. டாக்டராவது, சீட்டாவது! ஒருவருக்குக் குணமாகிவிட்டால் போதும், தெருவே வாங்கி விழுங்கும். அன்பரசியும் திட்டிக்கொண்டே கொடுப்பாள். இன்று மட்டும் கை தயங்கியது.

"யாருக்கு ரூத்து?"

"எங்க வூட்டுக்காரருக்குத்தான். தலையெல்லாம் படர்தாமரையாம். அதான் முடி கொட்டுதுன்னு சொல்லிக்கினு கீறாரு."

பாவி மனுஷன், இப்படியா பொய் சொல்வான்! சிறுசேரியில் வேன் ஓட்டும் ரூத்தின் புருஷன் மோசஸ், வாரம் ஒரு நாள் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் செங்கல்பட்டில் கேன்சர் ஊசி போட்டுக்கொள்கிறான். வாந்தி மாத்திரை வாங்க அன்பரசியிடம் வந்தபோது, "பிரசவம் முடியற வரைக்கும் ரூத்துக்குத் தெரியக் கூடாதுக்கா" என்று அழுதிருந்தான். ரூத்துக்கு இப்போது ஏழாம் மாதம்.

அந்த ஊசியோடு இந்த மாத்திரையும் சேர்ந்தால் ஊசி மருந்து உடம்பிலேயே தேங்கி நரம்பைக் கெடுத்துவிடும். உயிருக்கே ஆபத்து.

"ஸ்டாக் இல்லம்மா."

"அதோ, உன் தலைக்கு மேலயே அடுக்கி வச்சிக்கீறியே?"

"அது... டேட் முடிஞ்சது. களிம்பு தரேன், தடவச் சொல்லு."

"களிம்பெல்லாம் வேணாம். நான் கல்பாக்கத்துல வாங்கிக்கிறேன்." ரூத் கிளம்பிவிட்டாள்.

அன்பரசி பதறியடித்து வெளியே ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "எங்கயும் வாங்காத ரூத்து! அவருக்கு மட்டும் குடுத்துடாத, என் தங்கச்சியில்ல!"

"ஊருக்கே குடுக்கற. அவருக்கு மட்டும் இன்னா?"

அன்பரசி பிடித்த கையை விடவில்லை.

ரூத் அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"செங்கல்பட்டுக்குச் செக்கப்புக்குப் போனப்ப, கேன்சர் வார்டு வாசல்ல அவரைப் பாத்தேன். கேட்டா, அது நான் இல்லன்னு சத்தியம் பண்றாரு. அங்க ஊசி போட்டுக்கறவங்களுக்கு இந்த மாத்திரை ஆகவே ஆகாதுன்னு நர்சம்மாதான் சொன்னாங்க" என்றாள். "நீ ஒண்ணுமே சொல்லாம எடுத்துக் குடுத்துடணும்னு ஜெபம் பண்ணிக்கினே வந்தேன்க்கா."