மதிப்புப் போட வந்தவர்

வாடகைக்கு விட்டிருந்த வீட்டின் மேல் கடன் வாங்கி, இன்னொரு வீடும் வாங்குவதாகத் திட்டம். வீடு எவ்வளவு பெறும் என்று பார்த்துச் சொல்ல வங்கி ஒருவரை அனுப்பியிருந்தது. உள்ளே ஓர் அம்மாளும் ஒரு பெரியவரும் இருந்தார்கள்.

"சுவரைத் தொட்டுப் பாருங்க சார். கையோட வந்துடும்" என்றார் அம்மாள்.

"யார் சொன்னது? இரும்பு மாதிரி இருக்கு" என்று பதறினார் பெரியவர்.

"மழை வந்தா குளியலறையில குடை பிடிக்கணும்."

"குளியலறைன்னா ஈரம் இருக்கத்தானேம்மா செய்யும்?"

வந்தவர் பெரியவரைத் தனியே அழைத்தார். "குடியிருக்கறவங்களைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கய்யா. இப்படிப் பேசினா உங்களுக்கு லோன் எப்படிக் கிடைக்கும்?"

"எனக்கெதுக்கு லோன்? குடியிருக்கறவனே நான்தான். குறை இருக்குன்னு ஒத்துக்கிட்டா, காலி பண்றப்ப அட்வான்ஸ்ல கழிச்சுடுவாங்களேன்னு மூடி மறைக்கறேன். வீடு அந்த அம்மாவோடது."

வந்தவர் திகைத்துத் திரும்பினார். பின்னாலேயே வந்து நின்றிருந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"இதையும் அடகு வச்சு இன்னொண்ணு வாங்கணும்னு என் கணவர் ஒத்தைக் கால்ல நிக்கறார். உள்ளதும் போயிடுமோன்னு எனக்குப் பயம். நான் சொன்னா காதுல ஏறாது. பேங்க் சொன்னா ஏறும். நான் பொய் ஒண்ணும் சொல்லலையே?"

பிறகு பெரியவரைப் பார்த்துச் சிரித்தார். "உங்க அட்வான்ஸ்ல ஒரு பைசா பிடிக்க மாட்டேன், போதுமா?"

பெரியவர் முகம் மலர்ந்தது. வந்தவரின் கையை உரிமையோடு பிடித்துக்கொண்டார்.

"மேல வாங்க சார். மாடிப்படி ஆடறதை நீங்க இன்னும் பார்க்கலையே."