சுவரில் விழுந்த கோடு

"குச்சியால குத்திப் பார்த்தா வெந்துடுச்சான்னு தெரியுமா?" என்று கேட்டாள் மனைவி.

அவர் ஓவன் கதவின் கண்ணாடி வழியாக உள்ளே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கேக் சுடும் ஓவனுக்குள் பைக்கின் ஹெட்லைட் சூடாகிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடியையும் பின்கூட்டையும் ஒட்டியிருக்கும் பசை இளகினால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். பிரித்தால்தான் உள்ளே, வெளிச்சத்தைக் குவித்து அடிக்கும் புது புரொஜெக்டர் லென்ஸைப் பொருத்த முடியும். வீடு முழுக்க ரப்பர் கருகும் வாசனை. இனிமேல் இந்த ஓவனில் எதைச் சுட்டாலும் டயர் மாதிரிதான் மணக்கும் என்று முணுமுணுத்தபடி அவள் ஜன்னல்களைத் திறந்து வைத்தாள்.

எல்லாம் போன வாரம் நடந்த கூத்தின் விளைவு. பொழுது சாய்ந்த நேரத்தில் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தவர், தெருமுனையில் கொட்டிக் கிடந்த மணல் குவியலில் நேராக வண்டியை ஏற்றிவிட்டார். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. மனைவி எழுந்து சேலையை உதறினாள். இருட்டினால் இனி உங்கள் வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீடு வரை நடந்தே வந்தாள்.

அன்றிலிருந்து மாலையில் எங்கே போவதானாலும் அவள் தன் தம்பியின் வண்டியில்தான் போனாள். மச்சினன் முன்னால் போக, காலிப் பின்சீட்டோடு தான் பின்னால் போவதைத் தெருவே வேடிக்கை பார்ப்பது அவருக்குப் பெரிய மானக்கேடாக இருந்தது. தவறு தன்னுடையதில்லை, மினுக்கட்டாம்பூச்சி மாதிரி எரியும் அந்த ஹெட்லைட்டுடையது என்பது அவர் கட்சி.

அதற்காகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வேள்வி. மச்சினனும் ஸ்க்ரூ டிரைவரோடு வந்துவிட்டான். இளகிய பசையைக் கிளறிக் கண்ணாடியைப் பிரித்தார்கள். மயிரிழை போன்ற வயர்களை அவரே சால்டர் வைத்தார். ஐம்பதை நெருங்கும் வயதிலும் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. லென்ஸில் மச்சினனின் விரல் பட்டுவிட்டதற்கு மட்டும் ஒரு பாட்டம் திட்டினார். லென்ஸை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்தத் துணியால் துடைக்க வேண்டும் என்று அவர் எடுத்த வகுப்பில் அவனுக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

கண்ணாடியைத் திரும்ப ஒட்டுவதற்கு முன்னால் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தி மங்கியதும் வாசலில் வண்டியை நிறுத்தி, எதிர்வீட்டு மதில் சுவரில் வெளிச்சத்தை அடித்தார்கள். மேலே இருட்டு, கீழே வெள்ளை, நடுவே ஒரு கோடு.

"அடேங்கப்பா, பிளேடால வெட்டின மாதிரி இருக்கு மாமா" என்றான் மச்சினன்.

"எங்கடா வெட்டியிருக்கு? பஞ்சால துடைச்ச மாதிரி இருக்கு. ஃபோகஸ் சரியில்ல" என்றார் அவர்.

லென்ஸைக் கழற்றினார். அடியில் ஒரு வாஷரைச் செருகினார். கோடு அவருக்கு இன்னும் மோசமாகத் தெரிந்தது. வாஷரை எடுத்துவிட்டு, மெல்லியதாக வேறொன்றைப் போட்டார். அதுவும் சரிப்படவில்லை. இப்போதுதான் கெட்டுப்போகிறது, முதலில் இருந்ததே நன்றாக இருந்தது என்று அக்காவும் தம்பியும் ஒரே குரலில் சொன்னார்கள். லென்ஸ் விஷயத்தில் தனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று அவர் இருவர் வாயையும் அடைத்தார். கடைசியில் மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல், வாஷரையெல்லாம் எடுத்துவிட்டுப் பழையபடி மாட்டினார்.

கோடு எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் குறித்து வைக்கலாம் என்று சுவர்ப் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கிட்டே போய்ப் பார்த்தால் கோடு கத்தி மாதிரி இருந்தது. வண்டிக்குத் திரும்பி வந்தார். பஞ்சாகிவிட்டது. மறுபடி சுவருக்குப் போனார், கத்தி. வண்டிக்கு வந்தார், பஞ்சு. அவர் இப்படிப் போய்வருவதைப் பார்த்த மச்சினன், மாமாவுக்கு ஓவன் புகை தலைக்கேறிவிட்டதோ என்று கவலைப்பட்டான்.

மனைவிக்கு வேறொரு சந்தேகம் வந்தது.

"இங்கேயே நில்லுங்க. அந்தச் சுவரோரமா, வெளிச்சத்துல என்ன கிடக்குது, சொல்லுங்க."

அவர் பார்த்தார். "யாரோ போட்டுட்டுப் போன துணிப் பை."

அந்தத் துணிப் பை எழுந்து முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. பிறகு மதில்மேல் தாவி ஏறி, வாலை ஆட்டிக்கொண்டே நடந்து போனது.

மச்சினன் வண்டியின் சீட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். மனைவி சிரிக்கவில்லை. போன வாரம் இந்தக் கண்ணை நம்பித்தானே பின்னால் உட்கார்ந்திருந்தோம் என்றுதான் அவள் நினைத்தாள். கிட்டத்தில் இருப்பதெல்லாம் அவருக்குப் பளிச்சென்று தெரிந்ததில், தூரத்துப் பார்வை போனது யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது.

"லைட் நல்லாத்தான் இருக்கு. நாளைக்கே உங்க கண்ணுக்கு ஒரு கண்ணாடி மாட்டுங்க. அதுக்கப்புறம் நான் பின்னால ஏறுறேன்" என்றாள்.

அவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"வெளியூர் போய்த்தான் டெஸ்ட் பண்ணிக்கணும். இங்க எவனுக்காவது தெரிஞ்சா என் பிழைப்பு அவ்வளவுதான்."

"அட, இதுல என்ன மாமா வெட்கம்? இந்தத் தெருவுலயே பாதிப் பேரு கண்ணாடிதான் போட்டிருக்காங்க."

"அந்தப் பாதிப் பேருக்கும் கண்ணை டெஸ்ட் பண்ணிக் கண்ணாடி மாட்டிவிட்டது யாருடா?" என்றார் அவர்.